5 மி.மீ. முன்னால், 20 மி.மீ. பின்னால்: வீல் ஸ்பேசர் மாட்டிய வேலைக்குறிப்பு

வேலை இதுதான்: ஹப்புக்கும் (வீல் மாட்டும் சுழலும் நடுப்பகுதி) வீலுக்கும் நடுவே ஸ்பேசர் என்ற வட்டத் தகட்டை வைத்து வீலை வெளியே தள்ளுவது. முன் அச்சில் பெரிய கேலிப்பர் (பிரேக் பட்டைகளை டிஸ்க்கில் அழுத்தும் உறுப்பு) போட்டபின் அலாய் வீலின் ஆரக்கால் உள்பக்கமாகக் கேலிப்பரை உரசுகிறது. காகிதம் நுழையக்கூட இடமில்லை. பின் அச்சில் சுமை ஏற்றினால் டயரின் உள்சுவர் ஷாக் அப்சார்பரைத் தொடுகிறது. இரண்டுக்கும் சரியான மருந்து ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளியே இருக்கிறது என்ற அளவு) குறைந்த வேறு வீல். அது கிடைக்குமானால் ஸ்பேசர் பக்கமே போக வேண்டாம். கிடைக்காததால் முன்னால் 5 மி.மீ. தகட்டு ஸ்பேசர், பின்னால் 20 மி.மீ. போல்ட்-ஆன் ஸ்பேசர் என்று முடிவானது. வெளித்தோற்றத்துக்காக மட்டும் போட நினைப்பவர்களும் படிக்கலாம். அளந்து பார்க்க வேண்டியவை எல்லாருக்கும் ஒன்றுதான்.

வண்டியின் விவரம்: 5 ஸ்டட் (ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் மரை போட்ட கம்பி), பி.சி.டி. (ஸ்டட்டுகளின் நடுவழியாகப் போகும் வட்டத்தின் விட்டம்) 114.3 மி.மீ., ஹப் கழுத்தின் (வீலின் நடுத்துளைக்குள் நுழையும் துருத்தலின்) விட்டம் 60.1 மி.மீ., ஸ்டட் எம்12, அதாவது 12 மி.மீ. விட்டம், மரைக்கு மரை இடைவெளி 1.5 மி.மீ., நட்டுக்குச் சொல்லப்பட்ட இறுக்கம் 103 நியூட்டன் மீட்டர், வீலின் ஆஃப்செட் 45. இதே 114.3 பி.சி.டி.தான் ஹோண்டாவிலும் ஹூண்டாயிலும் நிறைய மாடல்களில் இருக்கிறது. ஆனால் ஹப் கழுத்து ஹோண்டாவில் 64.1, ஹூண்டாயில் 67.1. ஸ்டட் ஓட்டைகள் பொருந்தினால் ஸ்பேசரும் பொருந்தும் என்று நினைப்பது இங்கேதான் காலை வாரும். 67.1 துளை போட்ட ஸ்பேசரை 60.1 ஹப்பில் மாட்டினால் சுற்றிலும் 3.5 மி.மீ. ஆட்டம். கையால் பிடித்துப் பார்த்தால் கெட்டியாக உட்கார்ந்ததுபோல்தான் இருக்கும்.

வாங்கும்போது பார்த்தவை: அடித்து உருவாக்கிய அலுமினியம் (6061-டி6 அல்லது 7075-டி6 கலவை), இந்த ஹப்புக்கென்றே கடைந்த துளை, ஒரே ஒரு பி.சி.டி.க்கான ஓட்டைகள். 4 ஓட்டை, 5 ஓட்டை, 100, 108, 114.3 என எல்லாவற்றுக்கும் பொருந்த நீள்துளை வெட்டிய 'யுனிவர்சல்' தகடுகளைத் தொடவே வேண்டாம். அதில் வீல் முகத்தோடு ஒட்டும் பரப்பு பாதிகூடத் தேறாது, நடு நிறுத்தும் கழுத்தும் கிடையாது. வார்ப்பு அலுமினியத்தில் செய்தது ஸ்டட் துளையிலிருந்து விரிசல் விடும். இரண்டு ஸ்பேசரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

எது வீலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது?

இதைச் சொல்லாமல் மேலே போனால் பின்னால் வரும் அளவுகளுக்குப் பொருள் இருக்காது. ஸ்டட்டின் உடம்பு வீலைத் தாங்குவதில்லை. ஹப் கழுத்து எடையைத் தாங்குகிறது என்று நினைப்பவர்கள் நிறைய. அதுவும் இல்லை, மாட்டும்போது வீலை நடுவில் நிறுத்துவதே அதன் வேலை. தாங்குவது முகத்தோடு முகம் அழுந்தி உண்டாகும் உராய்வு. எம்12 ஸ்டட்டை உலர்ந்த நிலையில் 103 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் ஒரு ஸ்டட்டில் ஏறத்தாழ 43 கிலோ நியூட்டன், அதாவது 4.3 டன் அளவுக்கு இழுவிசை வரும். ஐந்துக்கும் 21 டன்னுக்கு மேல். உராய்வுக் குணகத்தை 0.15 என்று வைத்தாலும் வீலை நழுவ வைக்க 3 டன்னுக்கு மேல் தேவை. ஒரு சக்கரத்தில் 350 முதல் 400 கிலோ எடைதான் நிற்கிறது. பள்ளத்தில் விழும்போது அது மூன்று நான்கு மடங்கானாலும் முகங்கள் நழுவாது.

இந்த இழுவிசை எங்கே சேமிப்பாகிறது? ஸ்டட் நீள்வதில். பிரேக் டிஸ்க் 7 மி.மீ., வீல் 13 மி.மீ. என நட்டுக்கும் ஹப்புக்கும் நடுவே 20 மி.மீ. இருந்தால், 4.3 டன்னில் ஸ்டட் நீளும் அளவு சுமார் 0.05 மி.மீ. ஒரு தலைமுடியின் தடிமன் அவ்வளவுதான் இருக்கும். மொத்தப் பிடிப்பும் அந்த முடியளவில் தொங்குகிறது. நடுவில் பெயின்ட், துரு, மண் என்று ஏதாவது சிக்கி, ஓட்டத்தில் 0.05 மி.மீ. நசுங்கிப்போனால் நட் கழலவே இல்லை, ஆனால் பிடிப்பு போய்விடும். அதன்பின் வீல் ஒவ்வொரு சுற்றிலும் நூலளவு நழுவும், ஸ்டட் வளைந்து வளைந்து நிமிரும், கடைசியில் ஒடியும். ஸ்பேசர் போட்ட வண்டியில் வீல் கழன்றது என்றால் பெரும்பாலும் கதை இந்த வழியில்தான் நடந்திருக்கும். ஸ்பேசர் சேர்ந்தால் அழுந்தும் முகங்களும் கூடுகின்றன. நசுங்க வாய்ப்புள்ள இடமும் கூடுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஸ்பேசரால் ஸ்டட்டின் இழுபடும் நீளம் 25 மி.மீ. ஆகும்போது நீட்சியும் 0.06 மி.மீ. ஆகிறது, நசுங்கலைக் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளும். நீள ஸ்டட் என்றாலே பலவீனம் என்பது இறுக்கம் சரியாக இருக்கும்வரை உண்மையில்லை. இறுக்கம் போனபிறகு முழு உண்மை.

முன் அச்சு: 5 மி.மீ.

5 மி.மீ. என்பது பார்க்கச் சின்னது, சிக்கலில் பெரியது. 20 மி.மீ. ஸ்பேசரில் வெளிப்பக்கம் புதுக் கழுத்து கடைந்திருப்பார்கள். 5 மி.மீ. தகட்டில் அதற்கு இடமில்லை. வண்டியின் சொந்தக் கழுத்தில் மிச்சமிருப்பதில்தான் வீல் நடு பிடிக்க வேண்டும்.

வெர்னியரின் ஆழக்கம்பியை டிஸ்க் முகத்தில் நிறுத்தி அளந்ததில் கழுத்து 9.5 மி.மீ. துருத்திக்கொண்டிருந்தது. ஸ்பேசர் 5 தின்றால் மிச்சம் 4.5. இத்தோடு நிறுத்திவிடக் கூடாது. வீலைக் கவிழ்த்து நடுத்துளையின் விளிம்பைப் பார்த்தால், எளிதில் நுழைவதற்காகச் சரிவாகச் சீவியிருக்கும். இந்த வீலில் சரிவு 2.5 மி.மீ. ஆழம். ஆக, கழுத்து உண்மையில் வீலைப் பிடிப்பது 2 மி.மீ. மட்டும். அது போதும். 8 மி.மீ. ஸ்பேசர் போட்டிருந்தால் 1.5 மிச்சமிருந்தும் வீல் நடு பிடிக்காது, ஏனென்றால் அந்த 1.5 முழுக்கச் சரிவுக்குள்ளேயே நின்றுவிடும். கழுத்தில்லாத 10 மி.மீ. தகட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வீல் நட்டுகளின் தயவில் தொங்கும். 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது, பேலன்ஸ் செய்தும் நிற்கவில்லை என்ற புகார்களில் பல இங்கிருந்து வருபவைதான்.

அடுத்து மரை. ஸ்பேசர் இல்லாமல் வீலை மாட்டி, ஒரு நட்டைக் கையால் திருகி, மரை பிடித்த இடத்திலிருந்து நட் உட்காரும்வரை சுற்றுகளை எண்ணியதில் எட்டரை. 1.5 மி.மீ. மரையில் எட்டரைச் சுற்று என்றால் 12.75 மி.மீ. பிடிப்பு. 5 மி.மீ. ஸ்பேசர் நுழைந்தால் 7.75 மி.மீ., ஐந்து சுற்றுதான். கணக்கு எளிது: மரை பிடிக்கும் நீளம் குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவு இருக்க வேண்டும். எம்12, 1.5 மரைக்கு 8 சுற்று; எம்12, 1.25 மரைக்கு 10 சுற்று, எம்14, 1.5 மரைக்கும் கிட்டத்தட்ட 10 சுற்று. ஐந்து சுற்றில் டார்க் ரெஞ்ச் (வைத்த இறுக்கம் வந்ததும் ஒலி தரும் சாவி) 103-இல் 'டிக்' என்று ஒழுங்காக அடிக்கும், எல்லாம் சரி என்று தோன்றும். அடுத்தடுத்துக் கழற்றி மாட்டும்போது ஒரு நாள் நட்டின் மரை சிதைந்து ஸ்டட்டோடு சேர்ந்து உருளும். அதனால் 5 மி.மீ. தகட்டுக்காகவே முன் ஸ்டட்டுகள் பத்தையும் 10 மி.மீ. நீளமானவையாக மாற்ற வேண்டி வந்தது. மலிவான தகடு என்று இறங்கினால் வேலை இப்படித்தான் நீளும்.

புது ஸ்டட் வாங்கும்போது நீளமும் மரையும் மட்டும் பார்த்தால் போதாது. தலைக்குக் கீழே ஹப் துளையில் இறுகி உட்காரும் பல்வரி வெட்டிய பகுதி இருக்கிறதே, அதன் விட்டமும் நீளமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். விட்டம் 0.1 மி.மீ. குறைந்தாலும் நட்டை இறுக்கும்போது ஸ்டட் சுற்ற ஆரம்பிக்கும். அப்புறம் கழற்ற வெட்டுவதைத் தவிர வழியில்லை. தலையில் 10.9 என்று பலத்தைக் காட்டும் தரக்குறி பொறித்ததை எடுத்தோம்.

பழைய ஸ்டட்டைச் சுத்தியலால் அடித்து வெளியேற்றுவதுதான் பலரும் செய்வது. ஒவ்வொரு அடியும் வீல் பேரிங்கின் குண்டுகளில் இறங்குகிறது. வளையத்தில் குழி விழுந்தால் சில நூறு கி.மீ. கழித்து 'ஊ' என்று இரைச்சல் கிளம்பும், பழி ஸ்பேசர்மேல் விழும். 'சி' வடிவ ஸ்டட் அழுத்தியை வைத்துத் திருகித் தள்ளினால் பேரிங்குக்கு ஒன்றும் ஆகாது. டிஸ்க்கைக் கழற்றியபின் ஹப்பைச் சுற்றிப் பார்த்தால் பின்தகட்டில் ஓர் இடைவெளி தெரியும். ஸ்டட் ஒவ்வொன்றாக அந்த இடத்தில்தான் வெளியே வரும். நீளமான ஸ்டட் அதே சந்தில் உள்ளே போகுமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். சில வண்டிகளில் போகாது, ஹப்பையே கழற்ற வேண்டும். புது ஸ்டட்டை நட், வாஷர் வைத்து இழுத்து உட்கார வைக்கலாம், ஆனால் அதற்கு ஒரு பழைய நட்டையே பலி கொடுங்கள். தலை ஹப்பின் பின்முகத்தோடு ஒட்டியதா என்று 0.05 மி.மீ. ஃபீலர் தகட்டை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடிய நட் போடுகிறவர்கள் இன்னொன்றையும் அளக்க வேண்டும். இப்போது ஸ்டட் நட்டுக்குள் 17.75 மி.மீ. போகிறது. நட்டின் உள் ஆழம் 21. மூன்று மி.மீ. மிச்சம், பரவாயில்லை. ஆழம் 17 என்றிருந்தால் ஸ்டட்டின் நுனி நட்டின் மூடியில் முட்டி நிற்கும். டார்க் ரெஞ்ச் அங்கேயும் 'டிக்' அடிக்கும், ஆனால் வீல் இறுகியிருக்காது.

ஸ்டட்டுக்குப் பதிலாக போல்ட் வரும் வண்டிகளுக்கு (ஃபோக்ஸ்வாகன், பி.எம்.டபிள்யூ. போன்றவை) கணக்கு இன்னும் கறார். ஸ்பேசர் 5 என்றால் போல்ட்டும் சரியாக 5 மி.மீ. நீளம் கூட வேண்டும். குறைந்தால் மரை போதாது. கூடினால் நுனி ஹப்புக்குப் பின்னால் துருத்தி ஏ.பி.எஸ். சென்சாரையோ ஹேண்ட் பிரேக் உறுப்பையோ அறுக்கும். வீலை மாட்டி, போல்ட்டுகளைக் கையிறுக்கத்தில் வைத்து, ஹப்பை ஒரு முழுச்சுற்று கையால் சுற்றிக் காதைக் கொடுங்கள். போல்ட் தலை உட்காரும் இடம் உருண்டையா கூம்பா என்பதையும் பாருங்கள்: ஃபோக்ஸ்வாகனின் சொந்த வீலில் உருண்டை, வெளி அலாய் வீல்களில் பெரும்பாலும் 60 டிகிரிக் கூம்பு. மாற்றிப் போட்டால் ஒரு வளையக் கோட்டில் மட்டும் தொடும்.

பின் அச்சு: 20 மி.மீ.

இதில் ஸ்பேசரை வண்டியின் ஸ்டட்டில் தனி நட்டுகளால் இறுக்கி, ஸ்பேசரில் பதித்த புது ஸ்டட்டுகளில் வீலை மாட்டுகிறோம். இரண்டு தனித்தனி இணைப்புகள். உள் நட்டுகள் வீலுக்குப் பின்னால் மறைந்துவிடும், அதுதான் இதன் பலவீனம்.

ஏன் 20, ஏன் 15 இல்லை? நட்டுக்கு 12 மி.மீ. மரை வேண்டும். 20-இலிருந்து 12 போனால் 8. நட் ஸ்பேசரின் முகத்துக்கு அரை மி.மீ. கீழே நிற்க வேண்டும் என்றால் நட்டுக்கு அடியில் இருக்கும் அலுமினியம் 7.5 மி.மீ. இது ஏற்கத்தக்கது. 15 மி.மீ. ஸ்பேசரில் இதே கணக்கைப் போட்டால் அடித்தகடு 2.5 மி.மீ. ஆகிறது, அதைத் தடிமனாக்க நட்டின் மரையைக் குறைத்திருப்பார்கள். எம்12 ஸ்டட் வண்டிக்கு 15 மி.மீ. போல்ட்-ஆன் விற்கிறார்கள் என்பதற்காக வாங்க வேண்டியதில்லை. 15 கட்டாயம் வேண்டுமானால் கழுத்து கடைந்த தகட்டு வகையும் நீள ஸ்டட்டும்தான் வழி.

வண்டியின் பின் ஸ்டட் டிஸ்க் முகத்திலிருந்து 28 மி.மீ. துருத்துகிறது. ஸ்பேசரைத் தாண்டி 8 மி.மீ. வெளியே நிற்கும். வீலின் பின்முகத்தில் அதற்குக் குழி வேண்டும். அலாய் வீல்களில் எடை குறைக்க நட் ஓட்டைகளுக்கு நடுவே குழிகள் வார்த்திருப்பார்கள். ஸ்பேசரின் புது ஸ்டட்டுகளும் பழையவற்றிலிருந்து 36 டிகிரி தள்ளி நிற்பதால் பழைய நுனிகள் அந்தக் குழிக்குள் போகும். இந்த வீலில் குழியின் ஆழம் 11. கணக்கில் 3 மி.மீ. மிச்சம் என்றாலும் கணக்கை நம்பி நிற்காமல், ஐந்து குழியிலும் மிருதுவான மாடலிங் களிமண்ணை அப்பி, வீலைக் கையிறுக்கத்தில் மாட்டிக் கழற்றிப் பார்த்தோம். நான்கு குழியில் நுனியின் தடம் நடுவில் விழுந்தது, அடியில் 3 மி.மீ. களிமண் மிச்சம். ஐந்தாவதில் தடம் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. குழிக்குள் வார்ப்புப் பிசிறு. அரத்தால் இரண்டு நிமிடம் தேய்த்தபின் சரியானது. களிமண் வைக்காமல் இறுக்கியிருந்தால் வீல் அந்தப் பிசிறின்மேல் ஏறி நின்றிருக்கும்.

இரும்பு வீல்களில் பெரும்பாலும் இந்தக் குழி இருக்காது. வீல் ஸ்டட் நுனிகளின்மேல் நொண்டியடித்து உட்காரும். அதற்காகச் சிலர் ஸ்டட்டை வெட்டிக் குட்டையாக்குகிறார்கள். வெட்டினால் ஸ்பேசரைக் கழற்றியபின் பழைய வீலை மாட்ட மரை போதாது. இரும்பு வீலோடு போல்ட்-ஆன் ஸ்பேசர் வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

ஹப் நடுவில் துருத்தும் கிரீஸ் மூடியையும் மறக்காதீர்கள். ஸ்பேசரின் வெளிக்கழுத்துக்குள் இருக்கும் துளை அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். உள்பக்கக் குடைவும் வண்டியின் கழுத்து உயரத்தைவிட ஆழமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பேசர் டிஸ்க்கைத் தொடாமல் கழுத்தின் நுனியிலேயே நிற்கும்.

முகங்களைச் சுத்தம் செய்தல்

மொத்த நேரத்தில் பாதி இதற்குப் போனது, போக வேண்டியதும்தான். டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் பிறகு 120 எண் எமரித் தாளாலும் தேய்த்து, டிஸ்க்கின் இரு முகங்களையும் அப்படியே. ஒவ்வொரு ஸ்டட்டின் அடியையும் சுற்றி ஒரு துரு வளையம் ஒளிந்திருக்கும். பிரஷ் அங்கே போகாது. ஒரு குழாய்த் துண்டின் விளிம்பில் எமரித் தாளைச் சுற்றி ஸ்டட்டின்மேல் நுழைத்துத் திருகினால் வந்துவிடும். தொழிற்சாலையில் டிஸ்க் விழாமலிருக்க ஸ்டட்டில் செருகும் மெல்லிய தகட்டு வாஷர்கள் இரண்டு பின்பக்கம் இருந்தன. அவற்றைப் பிய்த்து எறிய வேண்டும். டிஸ்க்கைப் பிடிக்கும் சிறு திருகாணியின் தலை முகத்துக்குக் கீழே இருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். வீலின் பின்முகத்தில் கெட்டியான பெயின்ட் இருந்தால் ஸ்பேசர் தொடும் வளையத்தில் அதையும் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

ஸ்பேசரையும் அப்படியே நம்பக் கூடாது. மைக்ரோமீட்டரால் எட்டு இடத்தில் தடிமன் பார்த்ததில் நான்கும் 0.03 மி.மீ. வித்தியாசத்துக்குள் இருந்தன, 0.05-ஐத் தாண்டினால் திருப்பிக் கொடுக்கலாம். பிறகு ஹப்பில் மாட்டி இறுக்கி டயல் கேஜ் வைத்துச் சுற்றியதில் முகம் 0.06, கழுத்து 0.04 மி.மீ. ஆட்டம். 0.1-க்குள் இருந்தால் வீல் நடுங்காது.

கிரீஸ் விஷயத்தில் ஒரே ஒரு அனுமதி. இரும்புக் கழுத்தும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் ஒன்றையொன்று கவ்வி, பின்னால் கழற்றவே வராது. கழுத்தின் பக்கவாட்டில் மட்டும் ஆன்டி-சீஸ் பசையை விரலால் துடைத்தெடுத்த அளவுக்குத் தடவலாம். அழுந்தும் முகத்தில் கூடாது, மரையிலும் கூடாது. மரையில் எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, அதே 103 நியூட்டன் மீட்டரில் ஸ்டட்டின் இழுவிசை 4.3 டன்னிலிருந்து 6 டன்னைத் தாண்டும். 8.8 தர எம்12 ஸ்டட் நிரந்தரமாக நீளாமல் தாங்குவது சுமார் 5.2 டன் வரைதான், 10.9 தரம் 7.4 வரை. மரைப் பசை (நட் கழலாமல் மரையை ஒட்டவைப்பது) போடலாமா என்பார்கள். ஈரமாக இருக்கும்போது அதுவும் எண்ணெய் மாதிரிதான், காய்ந்தபின் மறுஇறுக்கம் பார்க்கவும் விடாது. சுத்தமான முகத்துக்கு அது மாற்று இல்லை, நாங்கள் போடவில்லை.

இறுக்குதல்

வீல் மாட்டுவதற்கு முன், ஸ்பேசர் முகத்தில் மார்க்கர் மையால் குறுக்குக் கோடுகள் வரைந்து, டிஸ்க்கோடு சேர்த்துக் கையிறுக்கத்தில் மாட்டிக் கழற்றினால் எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று மை சொல்லிவிடும். சுற்றிலும் 0.05 ஃபீலர் தகடு நுழையக் கூடாது.

பின் ஸ்பேசரின் உள் நட்டுகளை நட்சத்திர வரிசையில் 40, 75, 103 என்று மூன்று படியாக இறுக்கினோம். மெல்லிய சுவர் உள்ள சாக்கெட் வேண்டும். சாதாரண சாக்கெட் ஸ்பேசரின் குழிச் சுவரில் முட்டி, நட் இறுகியதுபோல் ஏமாற்றும். ஹப் சுற்றாமலிருக்க ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். ஐந்து நட்டிலும் பெயின்ட் மார்க்கரால் நட்டிலிருந்து ஸ்பேசர்வரை ஒரு கோடு. பிறகு வீல், அதே மூன்று படி. கடைசிப் படி மட்டும் டயர் தரையைத் தொடும்வரை ஜாக்கியை இறக்கியபின். காற்றுத் துப்பாக்கிக்கு இந்த வேலையில் இடமில்லை, அது எத்தனை நியூட்டன் மீட்டர் கொடுத்தது என்று அதற்கே தெரியாது.

வீல் நட் எது என்பதையும் பாருங்கள். ஸ்பேசரின் புது ஸ்டட்டுக்கும் வண்டி ஸ்டட்டுக்கும் மரை வேறாக இருக்கலாம். 1.25 மரையில் 1.5 நட் இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும், பலத்தைக் காட்டினால் இரண்டும் கெடும்.

உரசல் பார்ப்பது கடைசி. முன்னால் ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுக்கத் திருப்பி, ஒரு சக்கரத்தை ஜாக்கியால் ஷாக் அப்சார்பர் முழுக்க அமுங்கும்வரை தூக்கி, மட்கார்டு விளிம்புக்கும் டயருக்கும் இடைவெளி. பின்னால் இருக்கை நிறைய எடை வைத்து அதே சோதனை. விளிம்பின் உள்மடிப்பும் பம்பரைப் பிடிக்கும் திருகாணியும்தான் முதலில் டயரைக் கிழிக்கும்.

பேரிங், ஸ்டியரிங்

பின் சக்கரத்தில் 350 கிலோ நிற்கிறது. அந்த எடை 20 மி.மீ. வெளியே தள்ளிப்போனால் பேரிங்மேல் கூடுதல் முறுக்கு ஏறத்தாழ 69 நியூட்டன் மீட்டர். வளைவில் திரும்பும்போது வரும் முறுக்கு இதைப்போல் பல மடங்கு, ஆனால் அது சில நொடி. இது நேராக ஓடும்போதும் ஓயாமல் இருக்கும். பேரிங்கின் ஆயுள் குறையும், நாளைக்கே போகாது. ஆஃப்செட் 45-க்குப் பதில் 25 உள்ள வீல் போட்டாலும் பேரிங்குக்கு இதே சுமைதான், எனவே இதை ஸ்பேசரின் தனிக் குற்றமாகச் சொல்ல முடியாது.

முன்னால் 20 போடாததற்குக் காரணம் வேறு. ஸ்டியரிங் சுழலும் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம் பல முன்சக்கர வண்டிகளில் சில மி.மீ.தான். நிறைய வண்டிகளில் அந்தப் புள்ளி டயர் நடுவுக்கு வெளியே இருக்கும்படி வேண்டுமென்றே அமைத்திருப்பார்கள். பிரேக் எண்ணெய்ச் சுற்று மூலைவிட்டமாக (முன் இடதோடு பின் வலது என்று) பிரிந்த வண்டியில் ஒரு சுற்று செயலிழந்தாலும் ஸ்டியரிங் தானே எதிர்ப்பக்கம் திருத்திக்கொள்ளும் என்பதற்காக. 20 மி.மீ. தள்ளினால் அந்த ஏற்பாடு தலைகீழாகிறது. ஒருபக்கச் சக்கரம் மணலில் இருக்க பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். 5 மி.மீ.யில் சாலையின் தடம் கொஞ்சம் கூடுதலாகக் கையில் தெரியும், அவ்வளவே.

ஓடியபின்

முதல் 80 கி.மீ. கழித்து, வீல் ஆறியபின் மறுஇறுக்கம். முன்னால் வீல் நட் மட்டும் போதும். பின்னால் வீலைக் கழற்றி உள் நட்டுகளைப் பார்த்தே ஆக வேண்டும். இதைத்தான் எல்லாரும் தாண்டிப்போகிறார்கள்: வெளி நட் 103-இல் 'டிக்' என்றதும் திருப்தி, உள்ளே இருக்கும் பத்து நட் யார் கண்ணிலும் படாது. மறுஇறுக்கத்தில் நட் சில டிகிரி நகர்வது முகங்கள் படிவதால், பயமில்லை. கால் சுற்று நகர்ந்தால் கழற்றி முகத்தைப் பார்க்க வேண்டும். டயர் இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் உள் நட்டுகளுக்கும் ஒரு பார்வை. ஒரு ஸ்டட் ஒடிந்தால் அந்த ஹப்பின் ஐந்தையும் மாற்றுங்கள். மற்ற நான்கும் அதன் பாரத்தைச் சுமந்து களைத்தவை.

ஸ்டெப்னி ஒரு தனித் தலைவலி. இரும்பு ஸ்டெப்னி பின் ஸ்பேசரின்மேல் உட்காராது. பஞ்சரானால் ஸ்பேசரைக் கழற்றிவிட்டு வண்டியின் ஸ்டட்டில் மாட்ட வேண்டும். அதற்கு டிக்கியில் ஒரு பை: வண்டியின் சொந்த நட்டுகள் ஐந்து, மெல்லிய சாக்கெட், பின்னால் ஸ்பேசர் இருக்கிறது என்று எழுதிய அட்டை. வழியில் பஞ்சர் போடுகிறவருக்கு உள்ளே இன்னொரு நட் வரிசை இருப்பது தெரியாது. போல்ட் வண்டி என்றால் பழைய போல்ட்டுகளும் பையில் இருக்கட்டும், ஸ்பேசர் இல்லாமல் நீள போல்ட்டை ஏற்றினால் பின்னால் எதை அறுக்கும் என்று மேலே சொல்லியாயிற்று.

1,000 கி.மீ.யில் நான்கையும் கழற்றிப் பார்த்தது: முன்னால் இரண்டும் சுத்தம், மார்க்கர் மை அழுந்திய தடம் முழு வட்டமாக இருந்தது. பின் வலது சுத்தம். பின் இடதில் பெயின்ட் கோடு நகரவில்லை, நட்டுகள் எல்லாம் 103-இல் நின்றன, ஆனால் ஒரு ஸ்டட் துளையைச் சுற்றி மை பூசியதுபோல் கருப்புப் பொடி. அலுமினியம் உரசினால் வரும் பொடி அது. இரும்பு உரசினால் சிவப்பாக இருக்கும். நேர் எதிரே டிஸ்க் முகத்தில், ஸ்டட்டின் அடியில் அரிசியளவு துருப் பொட்டு ஒன்று, எமரித் தாளுக்குத் தப்பியது. குழாய்த் துண்டால் மறுபடி தேய்த்து, மை வைத்துப் பார்த்து, புதிதாக மூன்று படி இறுக்கம், 80 கி.மீ.யில் மறுஇறுக்கம். அடுத்த 500 கி.மீ.யில் கழற்றியபோது பொடி இல்லை.